சூப்பிரண்டு வாங்கிக் கொடுத்த டயர்

என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதில் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தது.

கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய வண்டி அது. கறுப்பு உடம்பு, பெட்ரோல் டேங்கில் வெளிறிப்போன சிவப்புக் கோடு, நூறு சிசி. காலையில் அவர் அதை உதைத்துக் கிளப்பும் சத்தத்தில்தான் மூலக்குளத்தில் எங்கள் தெருவே எழுந்திருக்கும். என்னிடம் இருந்தது ஸ்கூட்டர். சுவிட்சைத் தொட்டால் கிளம்பும். முன்னால் பை மாட்ட ஒரு கொக்கி, சீட்டுக்கு அடியில் கத்தரிக்காய் வைக்க இடம். இடுப்பைப் பார்த்த டாக்டர், கொஞ்ச நாளைக்கு வண்டியை உதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் என் கணவர் என்னுடைய சாவியைச் சாதாரணமாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரெண்டு மாசம்தான் என்றார்.

இரண்டு மாதத்தில் இடுப்பு சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் அவர் கொக்கியின் அருமையைத் தெரிந்துகொண்டுவிட்டார். சாப்பாட்டுப் பையை அதில் மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் ஒட்டி வைத்து, மார்க்கெட்டுக்குப் போகும் பெரியம்மா மாதிரி அவர் லாவகமாகப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கும் அவருடைய வண்டியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை.

எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியுமா என்று கேட்டார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், இதை யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பா மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அண்ணன் தூங்கும் நேரமாகப் பார்த்து அவன் வண்டியை எடுத்து ஓட்டிப் பழகியவள் நான். லைசென்ஸ் கூட இரண்டுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருந்தேன். முதல் நாள் நான் வண்டியை உதைத்துக் கிளப்பித் தெருமுனை திரும்பும்வரை என் கணவர் பல் தேய்க்கிற பிரஷை வாயில் வைத்தபடியே நின்றிருந்தார்.

வண்டியோடு அதன் வியாதிகளும் எனக்கு வந்து சேர்ந்தன. வாரத்துக்கு ஒருமுறை பிளக்கில் கரி பிடிக்கும். கிளட்ச் கேபிள் நைந்திருந்தது. செயின் தொங்கி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கவரில் மோதி, யாரோ பின்னால் ஜால்ரா தட்டிக்கொண்டு வருவது போலச் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பேன். மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் வைத்துச் செயினில் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவேன். செயினை விறைப்பாகவும் வைக்கக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. நடுவில் விரலால் தூக்கினால் கட்டைவிரல் அகலத்துக்கு ஆட வேண்டும். மாமியார் வீட்டில் மருமகள் இருக்க வேண்டிய பக்குவம்தான்.

என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நட்டு இல்ல, அடுத்த நட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு நான் செயின் துடைக்க எடுத்தது பழைய பிரஷ் இல்லை, அவருடைய பிரஷ்தான் என்பது பாதி துடைத்த பிறகே தெரிந்தது. உடனே போய் அதே நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். மறுநாள், என்ன இது, பிரஷ் திடீர்னு விறைப்பா இருக்கு என்று மட்டும் கேட்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயராகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என்னை அவர் மதாம் என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை முசியே என்று கூப்பிட்டுவைப்பேன். பட்டாளத்தில் அவர் ஓட்டியதெல்லாம் லாரி. இரண்டு சக்கர வண்டியில் அவர் ஏறி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு என் வண்டிக்கு அவர் சொல்லாத யோசனை இல்லை.

காற்று விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பானவர். காற்றழுத்தத்தைப் பவுண்டில் சொல்ல மாட்டார், பிரெஞ்சுக்காரர்கள் போல பாரில்தான் சொல்வார். முன்னாடி ஒண்ணே முக்கால் பார், பின்னாடி ரெண்டு பார், அதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது என்றார். நான் பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவரிடம் போய் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, பின்னாடி ரெண்டு பார் வேணும் என்றேன். அவர் வில்லியனூர் ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, “ரெண்டு என்னக்கா, இந்த ரோட்டுலயே நாலு இருக்கு” என்றார். பிறகு அவரே மீட்டரில் இருபத்தெட்டு வைத்து அனுப்பினார். பாரோ பவுண்டோ, கணக்கு ஒன்றுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். சொல்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் மதிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நல்ல சிநேகிதம்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் கல்லூரி வாசலில் ஒரு நாவல் மரம் உண்டு. ஆனி கடைசியில் பழம் கொட்டி, வருகிற போகிற வண்டிகள் எல்லாம் மிதித்து, தார் ரோடே ஊதா நிறமாகிவிடும். அதன்மேல் தூறலும் விழுந்திருந்த ஒரு காலையில் நான் பிரேக் பிடித்தேன். முன் சக்கரம் நின்றது. பின் சக்கரம் நிற்காமல், என்னைக் கேட்காமல், வலப்பக்கமாக வழுக்கிப் போய்ப் படுத்துக்கொண்டது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் என்னுடைய வெள்ளைச் சுடிதார் ஒரு பக்கம் முழுக்க ஊதாவாகிவிட்டது. அன்று முழுவதும் பிள்ளைகள் என்னைக் கடந்து போகும்போது நாக்கை நீட்டி, ஊதாவாக இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

விழுந்ததை முதலில் பார்த்து ஓடிவந்தவர் எங்கள் சூப்பிரண்டு. அலுவலகத்தில் என் மேலதிகாரி. நல்ல மனிதர், அகலமான மனிதர், அகலமானவற்றில் நம்பிக்கையுள்ள மனிதர். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, குனிந்து பின் டயரைப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தரையைப் பிடித்துக்கொள்வதற்காக டயரில் கட்டம் கட்டமாக ஒரு பட்டன் இருக்குமே, அது நடுவில் அடியோடு இல்லை. ஓரத்தில் மட்டும் வழுக்கைத் தலைக்குப் பின்னால் இருக்கும் முடி போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. செயினையும் பிளக்கையும் வாராவாரம் துடைத்த நான் டயரைப் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு மூன்று ஆலோசகர்கள். சூப்பிரண்டு, ரெண்டு சைஸ் பெரிய டயராகப் போடச் சொன்னார். வண்டிக்குக் கம்பீரமே பின் டயர்தான், அகலமாக இருந்தால் மலை மாதிரி நிற்கும் என்றார். என் கணவர், அந்த டயருக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடும், ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டினால் எந்த டயரும் வழுக்காது என்றார். சொல்தா மட்டும், கம்பெனி என்ன சைஸ் போட்டு அனுப்பியதோ அதே சைஸைத்தான் போட வேண்டும் என்றார். பட்டாளத்தில் பூட்ஸ் கூட அப்படித்தான் கொடுப்பார்களாம். காலுக்கேற்ற அளவு, அதற்கு மேல் பேச்சில்லை.

நான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தது என் வயதுள்ள ஒரு பெண். கணவருக்கு வெளியூர் வேலையாம், கடையை இவர்தான் நடத்துகிறார். வெளியே வந்து, என் டயரின் பக்கவாட்டில் துடைத்து நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டினார். முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். கணக்குப் பார்த்தால், என் மகள் பத்தாவது படிக்கும்போது பிறந்த டயர் அது. மகள் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்கே போய்விட்டாள்.

பெரிய டயர் போடலாமா என்று கேட்டேன். அவர் செயின் கவருக்கும் டயருக்கும் நடுவில் தன் விரலை நுழைத்துக் காட்டினார். ஒரு விரல்தான் போயிற்று. பெரிய டயர் போட்டால் இந்த இடம் போய்விடும், உரசும், மைலேஜும் குறையும் என்றார். அதே சைஸில் கடையில் ஒன்று இருந்தது. ஆனால் அதன் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதுவும் பழசுதான்க்கா, வச்சு வச்சு ரப்பர் விறைச்சுப் போயிருக்கும். புது சரக்கு வருது, ஒரு வாரம் பொறுங்க” என்று அவரே சொன்னார். பணத்தைக் கையில் வைத்திருந்தால் ஆடித் தள்ளுபடிக்குத் துணிக்கடையில் போய்விடும் என்று, டயருக்கும் டியூபுக்கும் மாட்டுக்கூலிக்குமாக மொத்தத்தையும் அன்றே கட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரம்தான் வம்பு. மழை என்றால் பஸ், வெயில் என்றால் மெதுவாக வண்டி என்று நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தால் சூப்பிரண்டு, டயர் என்னாச்சு என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் கணவர், காசைக் கரியாக்கப் போறியா என்பார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. சொன்ன ஒரு வாரம் முடிந்தும் டயர் வந்தபாடில்லை. அன்று நான் சொல்தா வீட்டுக்குப் போய் அவருடைய பூட்ஸ் பாலீஷ் டப்பாவைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் டப்பாவோடு பிரஷையும், கடைசியாக மினுக்குவதற்கு ஒரு கம்பளித் துணியையும் எடுத்துக் கொடுத்து, “வட்ட வட்டமா தேய்க்கணும் மதாம். அப்பதான் முகம் தெரியும்” என்றார்.

தரையில் படும் இடத்தைத் தொடாமல், டயரின் இரண்டு பக்கங்களையும் மட்டும் தேய்த்தேன். கழுவித் துடைத்துப் பாலீஷ் போட்டதும் அது கல்யாண மாப்பிள்ளை போல ஆகிவிட்டது. சூப்பிரண்டிடம், நீங்க சொன்ன மாதிரியே அகலமா போட்டுட்டேன் சார் என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நான்கடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். “பாத்தியா, வண்டியே வேற வண்டி ஆயிடுச்சு” என்றார். அன்று மத்தியானத்துக்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இரண்டு பேரை அழைத்துவந்து காட்டினார். அவர்களுக்கும் அகலம் தெரிந்தது. வீட்டில் என் கணவரிடம், நீங்க சொன்னபடியே பழைய டயரையே விட்டுட்டேன், கழுவினேன், அவ்வளவுதான் என்றேன். அவரும் குனிந்து பார்த்து, தேறிவந்த நோயாளியைப் பார்ப்பது போல ஒரு தட்டுத் தட்டினார். ஒரே டயர், இரண்டு பேருக்கும் அவரவர் யோசனைப்படி. நான் என்னை மெச்சிக்கொண்டேன்.

மெச்சிக்கொண்டது மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த சூப்பிரண்டு, தன் வண்டிக்கும் அதே டயரைப் போடப் போவதாகச் சொன்னார். அதற்கு முன் என் வண்டியை ஏர்போர்ட் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். வெளியே அப்போதுதான் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. ரோடு பளபளவென்று இருந்தது. அவருடைய எடையையும் என் டயரையும் அந்த ரோட்டையும் சேர்த்து நினைத்ததும் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கவுண்ட்ஸ்காரர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வண்டியின் சைடு பெட்டியில் என் குடை இருக்கிறது, எடுத்துக்கொண்டு தருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கொண்டை ஊசியை எடுத்து வால்வின் நடுவில் வைத்து அழுத்தினேன். காற்று உஸ்ஸென்று ஊரைக் கூட்டியது. அந்தச் சத்தம் கேட்காமலிருக்க நான் இருமினேன். அவர் வந்து சேரும்வரை இருமிக்கொண்டே இருந்தேன். டயர் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

அவர் அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார், நானும் பஸ்ஸில் போய்விடலாம் என்று நினைத்தேன். நான் அவருடைய நல்ல மனசைக் கணக்கில் எடுக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை பஞ்சர் வண்டியை வைத்துக்கொண்டு எங்கே அலைவாய் என்று சொல்லி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, பாலீஷ் போட்ட ஷூவோடு மழைச்சேற்றில் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் குடையை அவர் தலைக்குமேல் பிடித்தபடி பின்னால் போனேன். மழை பெய்யவில்லை. ஆனாலும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

பஞ்சர் கடைக்காரர் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. டியூப் நன்றாகத்தானே இருக்கிறது என்று டயரைத் தடவியவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. மூக்கின் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு சூப்பிரண்டின் காலில் இருந்த ஷூவைப் பார்த்தார்.

“இன்னா சார், இது டயரா ஷூவா? பாலீஷ் வாசனை அடிக்குது.”

சூப்பிரண்டு, அது புது டயர், முந்தாநாள்தான் போட்டது என்றார். கடைக்காரர் டயரைத் திருப்பி வழுக்கையைக் காட்டினார். இது புதுசா இருந்த காலத்துல எனக்கு மீசை முளைச்சிருக்காது சார், யாரோ பழசுக்குப் பாலீஷ் போட்டு உங்க தலையில கட்டிட்டாங்க என்றார். டீ குடிக்க நின்றிருந்த இரண்டு ஆட்டோக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்து, ஆமாம் என்றார்கள்.

சூப்பிரண்டின் முகம் சிவந்துகொண்டே போனது. என்மேல்தான் கோபம் என்று நினைத்து நான் குடையை மடக்கினேன். அவர் என் பக்கம் திரும்பி, “பொம்பளைதானேன்னு உன்ன ஏமாத்திருக்கான். எந்தக் கடைம்மா அது?” என்றார்.

போகட்டும் சார் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்குக் கடை ஞாபகம் இல்லை என்றுகூடச் சொன்னேன். ஆனால் வண்டிப் பெட்டிக்குள்ளிருந்து குடையை எடுத்தபோது கூடவே வந்து விழுந்த கடையின் விசிட்டிங் கார்டு எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது. காற்றடித்துக்கொண்டு நான் முன்னால் மெதுவாகப் போக, ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வருகிற மாதிரி அவர் கல்லூரிக்குப் போய் எடுத்துவந்த தன் வண்டியில் பின்தொடர்ந்தார். வழி நெடுக நான் யோசித்தது ஒன்றுதான். ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண்ணை என் பாலீஷுக்காக இவர் திட்டப்போகிறார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேலையே போனாலும் சரி. சிக்னலில் நின்றபோது அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லியும் பார்த்தேன்.

நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் அவர் கடைக்குள் நுழைந்துவிட்டார். கல்லாவில் ஒரு பெண் இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் தயார் செய்து வந்த வசனத்தில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியைச் சொன்னார்.

“என்னம்மா கடை நடத்தறீங்க? முழுக் காசையும் வாங்கிட்டு ஒரு பொம்பளைய இப்படித்தான் அலையவிடுவீங்களா?”

கடைக்காரப் பெண் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டார். “தப்புதான் சார். சொன்னபடி குடுக்கல. புது டயர் காலைலதான் வந்து எறங்குச்சு, நானே அக்காவுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். இதோ, இப்பவே மாட்டிக் குடுத்துடறேன்” என்றார்.

சூப்பிரண்டுக்கு இவ்வளவு சீக்கிரம் ஜெயித்துப் பழக்கமில்லை. புதுசுதானே தருவீங்க என்று கேட்டார். புதுசுதான் சார், இலக்கத்தைப் பாருங்க, போன மாசத்துச் சரக்கு என்று அவர் காட்டினார். இதுக்குக் காசு என்று இழுத்தார் சூப்பிரண்டு. “காசு எதுக்கு சார்? அதான் அக்கா அன்னைக்கே குடுத்துட்டாங்களே” என்றார் அந்தப் பெண்.

நான் வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சூப்பிரண்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் கப்பு வாங்கிவந்த பையன் அம்மாவைப் பார்ப்பது போல இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கும் மனவருத்தம் இல்லை. தாமதத்துக்குத் திட்டு வாங்கினோம், முடிந்தது என்று அவர் டயரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் உண்மையைக் கொண்டுபோய் வைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டும்போது மட்டும் சூப்பிரண்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒல்லியாக இருக்கிறதே என்றார். அந்தப் பெண் அவரையும் விரலை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். அவருடைய விரல் நுழையவே இல்லை. இதற்கே இடமில்லை, பெரியது எப்படிப் போகும் என்று கடைக்காரப் பெண் கேட்டதும், சூப்பிரண்டு தாராள மனதோடு, சரி, அளவுன்னு ஒண்ணு இருக்கில்ல என்று ஒப்புக்கொண்டார். போகும்போது, நியாயமான கடைம்மா, தப்ப உடனே ஒத்துக்கிட்டாங்க என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரமே தன் வண்டிக்கும் அங்கேதான் டயர் மாற்றினார். கம்பெனி போட்ட சைஸ்தான் போட்டார்.

அலுவலகத்தில் அந்தக் கதை வளர்ந்தது. முதல் நாள் கடைக்காரப் பெண்ணாகவே இருந்தது. ஒரு மாதத்தில் அது மீசை வைத்த முதலாளியாகி, பக்கத்தில் இரண்டு அடியாட்களும் வந்துவிட்டார்கள். கேட்டவர்கள் தங்களுடைய குறைகளையும் அவரிடம் கொண்டுவந்தார்கள். மிக்ஸி வாங்கி மூன்றே நாளில் புகை வந்த டைப்பிஸ்ட் ஒருவருக்காக அவர் ஒரு கடைக்குப் போனார். அங்கேயும் உண்மையாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் நடையே மாறிவிட்டது. நான் அந்தக் கதையைச் சொல்தாவிடம் சொன்னபோது, அவர் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். இல்லாவிட்டால் விழுந்துவிடுமாம்.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. புது டயர் மாட்டிய மறுநாள் என் கணவர் வண்டியைத் தட்டிப் பார்த்து, பாத்தியா, என் டயர் எப்படி நிக்குது, நீ மாத்தியிருந்தா எவ்வளவு வீண் என்றார். ஆமாங்க என்றேன்.

ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினத்தில் தேர். அந்தக் கூட்டத்தில் இரண்டு வண்டி எதற்கு என்று ஒன்றில் போக முடிவு செய்தோம். ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்ததால் மோட்டார் சைக்கிள்தான். நான் முன்னால், அவர் பின்னால். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்குப் பின்னால் உட்காருவது அதுதான் முதல்முறை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தன் முழங்காலிலும், கொஞ்ச நேரம் பின் கம்பியிலும் வைத்துப் பார்த்தார். வாய் மட்டும் நிற்கவில்லை. கியரைக் குறை, ஹார்ன் அடி, அந்த பஸ்ஸை நம்பாதே என்று அரியாங்குப்பம் பாலம்வரை என் தோளுக்குமேல் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டே வந்தது.

பாலம் தாண்டியதும் தூற ஆரம்பித்தது. வீராம்பட்டினம் திரும்பும் ரோட்டில், பலூன்காரர் ஒருவர் சைக்கிளோடு, இரண்டு பக்கமும் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார். நான் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டி ஒரு இழுப்பு இழுத்து நேராக நின்றது. வழுக்கவில்லை, ஆடவில்லை. என் கணவரின் நெற்றி மட்டும் என் ஹெல்மெட்டில் வந்து மோதியது. பலூன்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ரேடியோ நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் போனதும், வண்டியை ஓரங்கட்டு என்றார். இறங்கிப் பின்னால் போய்க் குந்தினார். டயரில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போயிற்று.

“இது என் டயர் இல்ல” என்றார்.

“இல்லீங்க.”

“எப்ப மாத்துன?”

“என் டயர் எப்படி நிக்குதுன்னு தட்டுனீங்களே, அதுக்கு மொத நாள்.”

அவர் எழுந்து நின்று தூறலைத் துடைத்துக்கொண்டார். தேர் பார்க்கப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டு நடந்தே போய்விடுவாரோ என்று பார்த்தேன். அவர் என் பக்கம் வந்து சாவியைக் கேட்டார். நான் ஓட்டறேன் என்றார். கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் காலை உயர்த்தி, பழைய ஞாபகத்தில், பலமுறை உதைப்பதற்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. உதைத்த கால் காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கியரைப் போட்டார். கோயில் கோபுரம் தெரிகிற இடம்வரை ஓட்டினார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் தலை லேசாகச் சாய்வதைப் பார்த்தேன். எதற்காகவோ காது கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“செயின் சத்தமே இல்லியே” என்றார் கடைசியில்.

போன ஞாயித்துக்கிழமை இறுக்கினேன் என்றேன். கட்டைவிரல் அகலம் விட்டிருக்கேன் என்றும் சொன்னேன். கூட்டம் தொடங்கும் இடத்தில் அவர் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சைடு லாக்கைப் போட்டு, போட்டது சரிதானா என்று ஒருமுறை ஹேண்டில்பாரை ஆட்டியும் பார்த்துவிட்டு, சாவியை என்னிடமே கொடுத்தார். தேர் நிலைக்கு வர இன்னும் நேரமிருந்தது. மழையும் விட்டிருந்தது. முதலில் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்றார். மிளகாய் பஜ்ஜி போடுகிற இடத்தைத் தேடிக்கொண்டு இருவரும் கூட்டத்துக்குள் நடந்தோம்.